பெரியவர் பாடி, சின்னவர் பாடி

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு, தலை நிமிராமல் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் சம்சாரமும் என் அண்ணனும் சுகம். அண்ணன் சுகம் என்பதை மட்டும் தயவுசெய்து இன்னொரு தடவை படித்துக்கொள்ளவும். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், நிறைமாதமாக இருக்கும் என் பெண்ணும் சுகம்தானா என்று விசாரிப்பது என் கடமை. விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் நடந்ததற்குப் பிறகு தாங்கள் என் போனை எடுப்பதில்லை. அதில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் எடுக்க மாட்டேன். மாப்பிள்ளைதான் பேசினார். "அப்பா ரூமை விட்டே வெளிய வர மாட்டேங்கிறார் மாமா, யாராவது பெட்டின்னு சொன்னாலே எழுந்து போயிடறார்" என்றார். பிறகு என் பெண் போனை வாங்கி, "ரெண்டு வீட்டுலயும் ஆளாளுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருங்க. பொறக்கப் போற குழந்தை யார் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கும்?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். நடந்தது என்ன என்று முழுதாகச் சொல்லிவிட்டால் தாங்கள் என்னை மன்னிக்காவிட்டாலும், ஒரு பைத்தியக்காரன் என்றாவது நினைத்து விட்டுவிடுவீர்கள் என்று ஒரு நப்பாசை.

நான் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். மூன்று பேரிடம் விலை கேட்டு, கட்டம் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு குண்டூசியைக்கூட ஆபீசுக்குள் விட்டதில்லை. நான்தான் ரிட்டயர் ஆனேன், அந்தப் புத்தி ஆகவில்லை. தங்கள் மகனைப் பார்த்தபோதும் மூன்று வரன்களைக் கட்டம் போட்டுத்தான் முடிவு செய்தேன். அதில் மாப்பிள்ளை இரண்டாவதாகத்தான் வந்தார், முதலில் வந்தவருக்கு அதற்குள் வேறு இடத்தில் முடிந்துவிட்டது. இதை எதற்கு இப்போது எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. கோடு போட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும், தாங்களே பெரிய மனது பண்ணி இந்த இரண்டு வரியைப் படிக்காமல் விட்டுவிடவும்.

பேரக்குழந்தை பிறந்ததும் முதல் படம் நான்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு ஆசை. போனில் எடுக்கிற படம் எல்லாம் ஒரு படமா என்று எவனோ ஒரு புத்திசாலி சொன்னதைக் கேட்டு, டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமரா வாங்குவது என்று தீர்மானித்தேன். கற்றுக்குட்டிகள் வாங்குவதும் வேண்டாம், தொழில்காரர்கள் வாங்குவதும் வேண்டாம், நடுத்தரமாக ஒன்று போதும் என்று பார்த்ததில் கடைசியில் இரண்டு நின்றன. இரண்டும் வேறு வேறு கம்பெனி. இரண்டுக்கும் பெயர் என்று எதுவும் கிடையாது, ஒரே நம்பரும் எழுத்தும்தான். என் சம்சாரத்துக்கு அது வாயில் நுழையவில்லை. ஒன்று நல்ல கனம், கல்லு மாதிரி உடம்பு, தூறல் பட்டாலும் கீழே விழுந்தாலும் தாங்கும், ஆனால் திரை ஒரே இடத்தில் இருக்கும், இப்படி அப்படி அசையாது. "இது உங்கண்ணன்" என்றாள். இன்னொன்று லேசு, சுறுசுறுப்பு, திரையை வெளியே இழுத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். "யார் என்ன சொன்னாலும் அந்தப் பக்கம் திரும்பிக்குது, இது நீங்க" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கனமான கேமரா பெரியவர், லேசான கேமரா சின்னவர். லென்ஸுக்குக் கண்ணு என்று பெயர். லென்ஸ் இல்லாத வெறும் கேமராவைக் கடைக்காரர்கள் பாடி என்பார்கள், அதனால் நாங்களும் பாடி என்றோம். தங்கள் வீட்டில் என் அண்ணனைப் பெரியவர் என்றும் என்னைச் சின்னவர் என்றும்தான் எல்லோரும் சொல்வீர்கள் என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

இரண்டில் எது என்று தீர்மானிக்கத்தான் மாதக்கணக்கில் இழுத்துவிட்டது. படத்தின் துல்லியத்தில் சின்னவர் ஒரு படி மேலே என்று ஒருவர் எழுதினால், மங்கின வெளிச்சத்தில் பெரியவரை அடிக்க ஆள் இல்லை என்று இன்னொருவர் எழுதினார். நம்பினேனா? இல்லை. இரண்டையும் வாடகைக்கு எடுத்து வந்து, எங்கள் வீட்டுப் பின்பக்கத்துச் செங்கல் சுவரைப் படம் பிடித்தேன். செங்கல் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் ஓரத்தில் கோடு வளைகிறதா, மங்குகிறதா என்று தெரியுமாம். காலையில் எடுத்தேன், மத்தியானம் எடுத்தேன், மழையில் குடை பிடித்துக்கொண்டு எடுத்தேன். "குழந்தை பொறக்கப் போகுதா, செங்கல்லு பொறக்கப் போகுதா?" என்று சம்சாரம் கேட்டாள். பக்கத்து வீட்டம்மா, நான் அவர்கள் வீட்டுத் துணிக்கொடியைப் படம் எடுக்கிறேன் என்று நினைத்துச் சண்டைக்கு வந்துவிட்டார். கேமராவைக் கொடுத்து, பாருங்கம்மா எல்லாம் செங்கல்தான் என்று காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுக்குத் துணியையே எடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சுவர் ஓரம்தான் அண்ணன் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். "அண்ணே, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, செங்கல் மறைக்குது" என்பேன். அவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போவார்.

கடைசியில் போன வாரம் கடைக்குப் போனேன். பெரியவரை வெகு நேரம் கையில் பிடித்துப் பார்த்தேன், மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. சரி, சின்னவர்தான் என்று முடிவு பண்ணினேன். கூடவே வருகிற சாதாரண லென்ஸ் வேண்டாம், வெறும் பாடி போதும், நல்ல லென்ஸ் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். தள்ளுபடி அன்றைக்குச் சாயங்காலத்தோடு சரி என்றார் கடைக்காரர். இதை என் சம்சாரத்துக்குத் தெரிவிக்கப் போனில் குரல் பதிவு செய்து அனுப்பினேன். என் போனில் சம்சாரத்துக்கு அடுத்த பெயர் சம்பந்தி. 'சம்' வரைக்கும் சரியாகத்தான் பார்த்தேன். அதற்குமேல் விரல் வழுக்கிவிட்டது.

தாங்கள் கேட்டதை நான் இப்போது மறுபடி கேட்டு எழுதுகிறேன்: "இங்க பாரு, நான்தான். பெரியவர் கதை முடிஞ்சுது. ரொம்ப நேரம் கையில பிடிச்சுப் பார்த்தேன், பிரயோஜனம் இல்ல. இனிமே அவரைப் பத்திப் பேசி ஆகப்போறது ஒண்ணுமில்ல, விடு. பாடியை இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுத்தே ஆகணுமாம், அதுக்கு மேல வெச்சிருக்க முடியாதுங்கறாங்க. கண்ணை இங்கயே குடுத்துட்டேன், வேற யாருக்காவது உபயோகப்படட்டும். பெட்டி நல்ல பெட்டியாத்தான் குடுக்கறாங்க. பொண்ணுகிட்ட மூச்சு விட்டுடாத, நிறைமாசக்காரி, நேர்ல பார்க்கும்போது பார்த்துக்கட்டும். சம்பந்திகிட்டயும் சொல்லாத, அவர் வேற வந்து நிப்பாரு. இத்தனை மாசமா இழுத்துக்கிட்டே கிடந்தது, இன்னைக்காவது ஒரு முடிவுக்கு வந்துச்சேன்னு எனக்கு ஒரே நிம்மதி."

இதில் ஒரு சொல்லாவது பொய்யா சொல்லுங்கள். இருந்தாலும் கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள்? தங்களிடம் சொல்ல வேண்டாம் என்பதைத் தங்களிடமே சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன பிறகும், வேன் பிடித்து, சொந்தக்காரர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு, மாலை வாங்கிக்கொண்டு வந்தீர்களே, அந்த மனசு எனக்கு வருமா? வராது. தாங்கள் பல தடவை போன் பண்ணியிருக்கிறீர்கள். நான்தான் கடைக்காரருக்குச் செங்கல் படங்களைக் காட்டிக் காட்டி என் போனில் சார்ஜ் தீர்த்திருந்தேன். சம்சாரம் போனை வீட்டில் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டம்மாவைச் சமாதானம் பண்ணப் போயிருந்தாள். அண்ணன் மணி அடித்தாலும் போன் பக்கம் போகமாட்டார்.

டாக்சியில் வந்து இறங்கினால் வாசலில் வேன் நிற்கிறது. கும்பலாக எல்லோரும் கேட்டுக்கு வெளியே நிற்கிறீர்கள். கேமராவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "அட, அதுக்குள்ள விஷயம் தெரிஞ்சுடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே வந்தேன். சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சம்பந்தி?" என்றீர்கள்.

"எல்லாருக்கும் ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லல" என்றேன் நான்.

தங்கள் தம்பி முன்னால் வந்து, "பாடி எங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "இதோ, கையோட கொண்டு வந்துட்டேன்" என்று பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினேன். "அதுக்குள்ள எல்லாம் முடிச்சாச்சா?" என்று சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "முடிஞ்சுதுங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன்." "முழுசும் இந்தப் பெட்டிக்குள்ளயா இருக்கு?" என்றார் தம்பி. "கண்ணு தவிர எல்லாம் இருக்கு. பிடிச்சுப் பாருங்க சம்பந்தி, கனமே இல்ல" என்று தங்கள் கையில் வைத்தேன்.

தாங்கள் அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுததை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். "எப்பேர்ப்பட்ட மனுஷன், இத்தனூண்டு ஆயிட்டீங்களே பெரியவரே! கல்யாணத்துல குடும்பப் படம் எடுக்கறப்போ ஃபோட்டோக்காரன் சொன்னான்னு, 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ன்னு உங்களச் சொன்ன பாவி நான்தான். படத்துல விழாமப் போயிடுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆல்பம் வந்ததுமே ஓடி வந்திருக்கணும். பாழாப்போன ரோஷம் தடுத்துடுச்சு. ஒரு வார்த்தை பேசாமலே அனுப்பிட்டேனே!" என்று பெட்டியிடம் சொல்லிச் சொல்லி அழுதீர்கள். தங்களுக்கும் அண்ணனுக்கும் இத்தனை வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் போனதற்கு அந்த ஒரு சொல்தான் காரணம் என்று இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் தெரியும். ஃபோட்டோக்காரர் தள்ளி நிற்கச் சொன்னதை, அண்ணன் தன்னைத் தள்ளி வைத்ததாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் மரமண்டை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேமரா மேல் மனுஷருக்கு இவ்வளவு பாசமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அப்போதுதான் கதவு திறந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கையில் பேப்பரோடு அண்ணன் வந்து, "என்ன சத்தம்? யாரு போயிட்டாங்க?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் மனசு ஆறும். தங்கள் தங்கை போட்ட கூச்சலில் வேன் டிரைவர் இறங்கி ஓடினார். தங்கள் கையிலிருந்த பெட்டி படியில் விழுந்து உருண்டது. வரும் வழியில் தாங்கள் ஸ்டூடியோவில் நிறுத்தி, கல்யாண ஆல்பத்தில் இருந்து பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்த அண்ணன் படமும் விழுந்தது. அண்ணன் குனிந்து அதை எடுத்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். அதில் இருந்தது ஒரு காது, பாதி மீசை, ஒரு முழங்கை. "காது என்னுது மாதிரி இருக்கே" என்றார். தாங்கள் முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏறிவிட்டீர்கள். பின்னாலேயே எல்லோரும் ஏறினார்கள். சம்சாரம் ஓடி வந்து எல்லோருக்கும் டீ போடுகிறேன் என்று கத்தினாள், வேன் தெருமுனை திரும்பிவிட்டது. மாலை மட்டும் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "நிஜமாவே அழுதாருடா அந்த மனுஷன்" என்றார். பிறகு, "ஆமா, நான் போனா வைக்கறதுக்கு இந்தக் காதும் முழங்கையும்தானா? நல்ல படம் ஒண்ணு இல்லையா? நீதான் ரெண்டு கேமராவுலயும் மூட்டை மூட்டையா எடுத்து வெச்சிருக்கியே, அதுல பாரேன்" என்றார்.

பார்த்தேன் சம்பந்தி. ஒன்று விடாமல் பார்த்தேன். செங்கல், செங்கல், செங்கல். காலைச் செங்கல், மத்தியானச் செங்கல், மழைச் செங்கல். ஒரே ஒரு படத்தில் ஓரமாக நாற்காலியின் கையும், அதன்மேல் அண்ணனுடைய முழங்கையும் இருந்தன. அதை அவருக்குக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "பரவால்லடா, செங்கல் நல்லா விழுந்திருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தாங்கள் ஒரே ஒரு தடவை, அதுவும் ஃபோட்டோக்காரர் சொல்லித்தான், அவரைத் தள்ளி நிற்கச் சொன்னீர்கள். அதற்கு இத்தனை வருஷம் குமைந்து, ஊரையே கூட்டிக்கொண்டு வந்து அழுதீர்கள். நான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவர் போட்ட சோற்றில் வளர்ந்தவன், ஒரு சுவருக்காக அவரைத் தினம் தினம் தள்ளி உட்காரச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது சம்பந்தி. தங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்படுவதைவிட அவர் முகத்தில் விழிக்கத்தான் அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கேமரா என்ற பேச்சே இனி இந்த வீட்டில் கிடையாது. கட்டம் போட்ட தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். படியில் விழுந்த சின்னவருக்கு உயிர் இல்லை, பழுது பார்த்தாலும் தேறாது என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். அதைப் பற்றித் தாங்கள் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, அது என் வாய்க்குக் கிடைத்த தண்டனை. குழந்தை பிறந்ததும் மாப்பிள்ளை போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன். தாங்கள் மறுபடி இந்த வாசலில் வந்து நிற்க வேண்டும் என்றோ, அண்ணனிடம் பேச வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. என் பெண்ணிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசுங்கள், அவள் என்ன செய்வாள் பாவம்.

சம்பந்தியம்மாவுக்கு என் சம்சாரத்தின் அன்பான விசாரிப்பு. தங்கள் தம்பிக்கும், கூச்சல் போட்ட தங்கைக்கும், ஓடிப்போன டிரைவர் திரும்பி வந்திருந்தால் அவருக்கும் என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆசீர்வாதம். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளை நீண்ட ஆயுளோடும், தாய்வழித் தாத்தாவின் புத்தி ஒரு துளியும் இல்லாமலும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் முன் தலைகுனிந்து நிற்கும்
சம்பந்தி (சின்னவர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டக் கோந்து தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அண்ணன் கடிதத்தை எடுத்து முழுதும் படித்துவிட்டார். "கேமரா வேணாம்னு எழுதியிருக்க, சம்பந்தி வர வேணாம்னு எழுதியிருக்க, யாரைக் கேட்டுடா எழுதின?" என்று ஒரு சத்தம் போட்டார். கிழித்துப் போட்ட கட்டத்தை ஒட்டவைத்துப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. "கனமா இருந்தாலும் கீழ விழுந்தா தாங்குவாருன்னு பெரியவரைப் பத்தி நீயேதான் எழுதியிருக்க. நம்ம சம்பந்தி கைக்கு அதுதான் சரி" என்கிறார். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேருமாகப் போய்ப் பெரியவரை எடுக்கப் போகிறோம். முதல் படம் குழந்தைக்காகக் காத்திருக்காது. அது அண்ணனும் தாங்களும், அந்தச் செங்கல் சுவருக்கு முன்னால். "சம்பந்தியைத் தள்ளி நிக்க வேணாம், ஒட்டி நிக்கச் சொல்லு" என்றார். சொன்னதை எழுதுகிறேனா என்று தோளுக்குப் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகையால் மேலே எழுதியதில் அண்ணன் சுகம் என்பதைத் தவிர மற்ற எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் போனிலிருந்து, பெரியவர் பாடியை எடுத்தாச்சு என்று குரல் பதிவு வரும். இந்தத் தடவை அது தங்களுக்குத்தான். உடனே வேன் பிடித்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். மாலை வேண்டாம்.